சாயப் புள்ளி

முறையீட்டுக்கு எழுபத்திரண்டு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். எழுபத்தொன்று போய்விட்டது. மிச்சமிருந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவின் இரண்டாம் மாடி அறையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

சின்னவள் ரத்தப் பரிசோதனைப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. செய்முறைத் தேர்வில் திரையில் நாற்பது படங்கள் வரும். சிவப்பணுவுக்குள் மலேரியாக் கிருமி இருக்கிறதா, இல்லையா என்று சொல்ல வேண்டும். திருத்துவது செயற்கை நுண்ணறிவு. அவளுக்குப் பதினான்கு தப்பு என்றது. போன தடவையும் இதே கதைதான். மூன்றாம் தடவை கிடையாது. இன்று தோற்றால் படிப்பு அதோடு சரி.

அந்த நுண்ணறிவைப் பழக்கியது அவளுடைய அக்கா. அதே துறையில் ஆராய்ச்சி மாணவி. நாலாயிரம் படங்களைப் பார்த்து ‘கிருமி’, ‘இல்லை’ என்று ஒவ்வொன்றாகக் குறித்துக் கொடுத்தவள். மூன்று நாளாக அம்மாவுக்கு ஃபோனில் ஒரே பாட்டு.

“நீ பழக்கின மெஷின்தானே? அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“சொன்னா கேக்கற ஆள் இல்லம்மா அது.”

“அப்ப உன்ன மாதிரியேதான்.”

தேர்வு அதிகாரி கோப்பைத் திறந்தார். “தங்கச்சியாமே? அதனால நீங்க விளக்கம் மட்டும் சொல்லலாம். முடிவு நாங்க எடுப்போம்” என்றார் பெரியவளிடம். பக்கத்தில் அவளுடைய பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அவளுடைய ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர்.

சின்னவள் ஒரு சிறிய பெட்டியை மேசையில் வைத்தாள். உள்ளே ரத்தம் தடவிய கண்ணாடி ஸ்லைடு, ஒன்றே ஒன்று.

“சார், உதாரணத்துக்கு இருபத்தொண்ணாவது படம். அந்தப் புள்ளி கிருமி இல்ல, அணு தெரியறதுக்குப் போடற சாயம். படம் எடுத்த ஸ்லைடையே லேபுல தேடி எடுத்துட்டேன். மைக்ராஸ்கோப் திருகை லேசாத் திருப்பினா புள்ளி தெளியுது, அணு மங்குது. கிருமின்னா அணுவுக்கு உள்ளதானே இருக்கும்? ரெண்டும் சேந்துதானே தெளியணும்? இது மேல ஒட்டியிருக்கு சார்.”

பெரியவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. தங்கை சொன்னது அத்தனையும் சரி. படத்தில் திருகு கிடையாது. மேலே இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒரே தட்டையாகத் தெரியும். ஒரு நாளைக்கு இருநூறு படம் என்று விரட்டிக் குறித்தபோது, எந்த ஸ்லைடையும் அவள் எடுத்துப் பார்த்ததில்லை.

“ஆளாளுக்கு ஸ்லைடத் தூக்கிட்டு வந்தா நான் கடைதான் போடணும்” என்றார் அதிகாரி.

பேராசிரியர் பொறுமையாகச் சொன்னார். “இங்க பாரும்மா. ஒருத்தர் கண்ணு தப்பலாம். அதுக்குத்தான் ரெண்டு பேர வெச்சோம். ஒருத்தர் குறிச்சத இன்னொருத்தர் பாக்காம, தனித்தனியா. நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது ஒத்துப்போச்சு. இதுக்கு மேல என்ன வேணும்?”

படங்களைக் குறித்தவர்கள் என்று அறிக்கையில் இரண்டாவதாகப் பெயர் இருக்கும் தோழி, வேறு வேலைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிவிடக் கூடாதே என்று பெரியவள் வேண்டிக்கொண்டாள்.

“சரிதானேம்மா?” பேராசிரியர் அவள் பக்கம் திரும்பினார்.

சின்னவளும் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இன்னும் கொஞ்சம் நம்பிக்கை மிச்சமிருந்தது.

“சரிதான் சார்.”

அதிகாரி கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். எழுபத்திரண்டுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

படிக்கட்டில் இறங்கும்போது சின்னவள் கோபப்படவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“நேத்து கண் டாக்டர்கிட்ட போனேன்க்கா. கண்ணு நல்லாத்தான் இருக்காம். அப்ப கோளாறு மண்டையிலதான்.” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. “இப்பல்லாம் எதப் பாத்தாலும் சந்தேகமா இருக்கு. சாயம்னு சொல்லி வாய மூடல, கிருமியோன்னு தோணுது.”

“உன் கண்ணுல ஒண்ணும் இல்லடி.”

“நீ சும்மா இரு அக்கா. நீ பாத்தே, உன் ஃப்ரெண்ட் பாத்தா. தனித்தனியா. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது எனக்கு மட்டும் தெரியலன்னா என்ன அர்த்தம்? நான் இதுக்கு லாயக்கில்ல, அவ்வளவுதான். அம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்.”

கீழ்த்தளத்தில் பரிசோதனைக்கூட வாசலில் உடைந்த கண்ணாடி போடும் தொட்டி இருந்தது. சின்னவள் பெட்டியைத் திறந்து, ஸ்லைடை அதற்குள் கவிழ்த்தாள். சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

பின்னாலேயே அதிகாரி இறங்கி வந்தார். கையில் கோப்பு. “பதிவேத்தியாச்சும்மா. இனி நானே நெனச்சாலும் மாத்த முடியாது” என்று சொல்லிவிட்டு வெயிலுக்குள் போனார்.

பெரியவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இப்போது சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“ரெண்டு பேர் பாக்கலடி. அவ ரெண்டாவது வாரமே போயிட்டா. அவ பேர்ல குறிச்சதும் நான்தான்.”