ஒரு சாண் இறக்கச் சொல்லு

இதைச் சரியான வரிசையில்தான் சொல்கிறேனா என்று எனக்கே சந்தேகம். தையல்காரி இதை மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் யார் முதலில் கத்தியது என்பது மாறியது. ரத்தம் மட்டும் மாறவில்லை.

அவள் புருஷன் லாரி ஓட்டுபவன். அவள் தம்பியை எல்லோரும் நெட்டையன் என்பார்கள். தம்பி கேட்காமல் லாரியை எடுத்துப்போய்ச் சுவரில் இடித்ததும், புருஷன் நாலு பேர் முன்னால் அவனைக் கன்னத்தில் அறைந்ததும் இரண்டு வருஷத்துக்கு முந்தின கதை. அன்றிலிருந்து மாமனுக்கும் மச்சானுக்கும் பேச்சில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்தாலும், "உப்பை இப்படித் தள்ளச் சொல்லு" என்பது அவள் வழியாகத்தான் போகும்.

பின்கட்டில் வளர்த்த இரண்டு பன்றிகளையும் வீட்டிலேயே வெட்டலாம் என்று யோசனை சொன்னவள் அவள்தான். கறிக்கடைக்காரனுக்குப் பங்கு கொடுக்க வேண்டாமே என்று வெளியே சொன்னாள். உள்ளே இருந்த ஆசை வேறு. நாள் முழுக்க ஒரே பாரத்தைத் தூக்குகிற இரண்டு பேர் வாய் திறக்காமலா இருப்பார்கள்?

நெட்டையன் வாடகைக் கடையிலிருந்து வெந்நீர்த் தொட்டியும், பன்றியின் நெற்றியில் வைத்து அழுத்தி மயக்கும் துப்பாக்கியும், சங்கிலி போட்டுத் தூக்கும் மோட்டாரும் கொண்டுவந்தான்.

"அக்கா, மோட்டார்ல பட்டன் மாறிக் கிடக்காம். சிவப்பை அமுக்குனா ஏறும், பச்சைய அமுக்குனா இறங்கும்னு கடைக்காரர் சொன்னாரு. மாமாகிட்ட சொல்லிடு."

சொன்னாள். புருஷனுக்கு எதுவும் கோணலாக இருக்கக் கூடாது. மறுநாள் காலையில் திருப்புளியோடு உட்கார்ந்து ஒயர்களை மாற்றிப் போட்டான்.

"சரி பண்ணிட்டேன். இனிமே பச்சைதான் ஏறும். உன் தம்பிக்கு சொல்லிடு."

தலையாட்டினாள். அதற்குள் தொட்டித் தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஓடினாள். சொல்ல மறந்தது அங்கேதான்.

துப்பாக்கியின் முதல் அடி விலகிப்போயிற்று. பன்றி முட்டி மடங்கி விழுந்து, திரும்ப எழுந்து, அலறிக்கொண்டு கொட்டகைச் சுவரில் மோதியது. நெட்டையன் பின்னங்கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையோடு இழுபட்டான். புருஷன் அதன் கழுத்தில் முட்டியை ஊன்றி, இன்னொரு முறை அழுத்திவிட்டுக் கத்தியை இறக்கினான். சூடான ரத்தம் அவள் செருப்புக்குள் புகுந்தது. அதன் கால்கள் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தன.

"லாரி ஓட்டுற லட்சணத்துலதான் சுடுறாரு உன் வீட்டுக்காரர்."

"நான் சுவத்துல ஏத்துனவன் இல்லைன்னு சொல்லு."

இருவரும் சிரித்தார்கள், அவளைப் பார்த்துக்கொண்டே. இன்றைக்குப் பேசிவிடுவார்கள் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

புருஷன் குனிந்து பன்றியின் இரண்டு பின்னங்கால்களையும் சுற்றிச் சங்கிலி போட்டு மோட்டாரின் கொக்கியில் மாட்டினான். வளையம் கோணலாக விழுந்திருந்தது, அதைச் சரிசெய்யக் கொஞ்சம் தளர்வு வேண்டும். வளையத்துக்குள் வலது கையை விட்டபடி, "ஒரு சாண் இறக்கச் சொல்லு" என்றான்.

"இறக்குடா" என்றாள்.

நெட்டையன் பச்சையை அமுக்கினான்.

சங்கிலி மேலே போயிற்று. வளையம் இறுகி, விரல்களைப் பன்றியின் எலும்போடு சேர்த்துக் கவ்வியது. புருஷன் கையோடு எழும்பினான். அப்போதும் மச்சானைப் பார்க்கவில்லை.

"ஏய்! அவனை நிறுத்தச் சொல்லு! நிறுத்தச் சொல்லுடீ!"

நெட்டையன் அவள் முகத்தையே பார்த்தான். அவனுக்குத் தெரிந்தவரை பச்சை என்றால் இறக்கம். பட்டன் சரியாகப் பதியவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக அமுக்கினான். ஈரக் குச்சி முறிகிற சத்தம் வந்தது. அவள் பாய்ந்துபோய்ப் பட்டன் பெட்டியைப் பிடுங்கிச் சிவப்பை அழுத்தினாள். பன்றி தொப்பென்று விழுந்தது. கை வெளியே வந்தது. மூன்று விரல்கள் வரவில்லை.

புருஷன் அந்தக் கையை வயிற்றில் அழுத்திக்கொண்டு, இடது கையால் சுவரோரம் கிடந்த கொக்கிக் கம்பியை எடுத்தான்.

"நாயே, வேணும்னேதானடா பண்ண?"

இரண்டு வருஷத்தில் அவன் மச்சானிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"கடைக்காரர் சொன்னபடிதான் மாமா அமுக்குனேன்! சத்தியமா மாமா!"

முதல் அடி காதின்மேல் பட்டது. நெட்டையன் ரத்தத்தில் வழுக்கி மல்லாந்தான். இரண்டாவது அடி தாடையில். அவள் நின்றுகொண்டிருந்தாள். சொன்னால் கம்பி தன் பக்கம் திரும்பும் என்று பயந்தாளா, இல்லை, அவர்கள் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாளா, அவளுக்கே தெரியாது. மூன்றாவது முறை கம்பியை ஓங்கியபோதுதான் வாய் திறந்தாள்.

"நான்தான் அவன்கிட்ட சொல்லல. நான் மறந்துட்டேன்."

கம்பி கீழே விழுந்தது. தொட்டியில் தண்ணீர் மட்டும் கொதித்தது.

மூன்று விரல்களையும் ஒட்டவைக்க முடியவில்லை. புருஷன் லாரியை விற்றுவிட்டு ஒரு கிடங்கில் வாசல் காவலுக்குப் போகிறான். நெட்டையனுக்கு இடது காது கேட்காது. தாடை கோணலாகவே ஒட்டியது. வேறு ஊரில் பெயிண்ட் அடிக்கிறான், வாரம் ஒருமுறை மாமாவுக்குப் போன் செய்கிறான், அரைமணி நேரம் பேசுகிறார்கள். இரண்டாவது பன்றியைக் கறிக்கடைக்காரன் உயிரோடு ஓட்டிப் போனான். வாடகைச் சாமான்களை அவளே கழுவித் திருப்பிக் கொடுத்தாள். இப்போதும் துணி தைக்கிறாள். புருஷன் அவளிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறான்.