மேல் கையும் கீழ் கையும்

கண்டக்டருக்குச் சின்ன வயதிலிருந்தே இடது கைப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் ‘நொட்டாங்கை’ என்பதுதான் பட்டப்பெயர். பஸ் வேலைக்கு வந்த பிறகும், டிக்கெட்டை இடது கையால் நீட்டினால் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாங்குகிறவர்கள் இருந்தார்கள். “கை எதுவா இருந்தா என்ன, சில்லறை சரியா இருக்கான்னு பாருங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார்.

இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் என்று ஆனபோது, அந்தக் கை வழக்கம் அங்கேயும் கூடவே வந்தது. எழுதுகிற, சாப்பிடுகிற கையை விட்டுவிட்டு மற்றக் கையில்தான் ஊசி குத்துவார்கள். வார்டில் எல்லோருக்கும் இடது கை இயந்திரத்தோடு கட்டிக்கிடக்க, இவர் ஒருவருக்கு மட்டும் வலது கை. அதனால் இவரை வரிசையின் கடைசியில், சுவரோரமாக உட்கார வைத்தார்கள். இவருக்கு இடப்பக்கத்து நாற்காலியில் பேக்கரிக்காரம்மா.

ஆரம்பத்தில் அவர் யாரோடும் பேசவில்லை. ஊர் ஊராக ஓடிக்கொண்டிருந்த மனிதரை ஒரு நாற்காலியில் நாலு மணி நேரம் கட்டிப்போட்டால் பேச்சு எங்கிருந்து வரும்? ஒரு கட்டத்தில், “போதும், இனிமே வரமாட்டேன்” என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். மனிதர் அசையவில்லை. கடைசியில் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, வாயைத் திறந்துகொண்டு தவித்தபோது, பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுத் தூக்கிக்கொண்டு போனாள். பிழைத்தது பெரிய பாடு. அன்றிலிருந்து டயாலிசிஸ் நாள் விடிந்தாலே அவளுக்கு ஒரே கேள்விதான். இன்றைக்குக் கிளம்புவாரா, மாட்டாரா?

அவர் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் அவள் வெளியே காத்திருப்புக் கூடத்தில் கொக்கி ஊசியால் குரோஷா பின்னிக்கொண்டு இருப்பாள். டயாலிசிஸில் உடம்பு சில்லிட்டுப்போகும் என்பதால் அவருக்கு ஒரு கம்பளிப் போர்வை. சாம்பலும் பழுப்புமாகக் கட்டம் கட்டமாகப் பின்னி, கடைசியில் எல்லாவற்றையும் இணைப்பதாகத் திட்டம்.

பேக்கரிக்காரம்மா வேறு மாதிரி. கல்யாணம் ஆகாதவள். தம்பி அடுப்படியைப் பார்த்துக்கொள்ள, இவள் கேக்கின் மேல் கிரீமில் பூப்போடுவாள். இப்போது அந்த கேக்கில் ஒரு வாய்கூடச் சாப்பிடக் கூடாது. “கல்யாண கேக்கு எல்லாம் என் கையால. கல்யாணமும் கிடையாது, கேக்கும் கிடையாது” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். ஒருநாள் பையிலிருந்து ஒரு மரவளையத்தை எடுத்து, இரண்டு நாற்காலிக்கும் நடுவே இருந்த கைப்பிடியில் கிளிப்பால் மாட்டினாள். வளையத்துக்குள் இழுத்துக் கட்டிய ஓட்டை ஓட்டையான வெள்ளைத் துணி.

“என்னம்மா இது, சல்லடையா?” அவர் அந்த வார்டில் தானாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“கிராஸ் ஸ்டிச், அண்ணே. ஒரு பாலம், அடியில ஆறு, ஆத்துல ரெண்டு வாத்து. துணி, நூல், வரைபடம் எல்லாம் சேந்த பாக்கெட் வாங்கி வருஷக்கணக்கா பீரோல தூங்குது. இங்க வேற வேலை என்ன இருக்கு?”

ஆனால் அவளுக்கு இருந்தது ஒரே கை. ஊசியை மேலிருந்து குத்துவாள், பிறகு அதே கையைத் துணிக்கு அடியில் கொண்டுபோய் இழுப்பாள், மறுபடி கீழிருந்து குத்திவிட்டு மேலே வருவாள். ஒரு சின்னப் பெருக்கல் குறி விழுவதற்குள் நூல் இரண்டு தடவை சிக்கிக்கொள்ளும். கண்டக்டர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியவில்லை. சும்மா கிடந்த இடது கையை வளையத்துக்கு அடியில் நீட்டி, வந்த ஊசியைப் பிடித்து இழுத்தார்.

“அண்ணே, இனி மேல தள்ளுங்க. அந்த ஓட்டை இல்ல... கொஞ்சம் இந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம். ஆங், அதேதான்!”

“கண்ணைக் கட்டிக் காட்டுல விட்டா மாதிரி இருக்கு.”

“பஸ்ஸுல கூட்டத்துக்குள்ள கையை விட்டு டிக்கெட் குடுத்தவருதானே, இது வராதா?”

பெரிய சிஸ்டர் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். ஊசியெல்லாம் கூடாது என்றாள். பேக்கரிக்காரம்மா ஊசி முனையை அவள் உள்ளங்கையில் அழுத்திக் காட்டினாள். கிராஸ் ஸ்டிச் ஊசி மொண்ணை. “நீங்க குத்துற ஊசி முன்னாடி இது கொசு, சிஸ்டர்.” சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்படித் தொடங்கியது. முதலில் ஊசி தப்பான ஓட்டையில் வந்து, பாதி நேரம் பிரிப்பதிலேயே போயிற்று. போகப்போக, துணியின் பின்பக்கத்தை விரல் நுனியாலேயே அவர் அடையாளம் கண்டார். அவள் ஒன்றும் சொல்லவேண்டி இருக்கவில்லை. மேலிருந்து ஊசி வரும், கீழே இவர் வாங்குவார், மேலே திருப்பி அனுப்புவார். பேச்சு வேறு எங்கெங்கோ ஓடும். ஓட்டுநர் தூங்கிவிழுந்த கதை, மணப்பெண்ணின் பெயரைத் தப்பாக எழுதிய கேக்கின் கதை. பாலத்தின் கல்லெல்லாம் வந்தது, கரையில் புல் வந்தது, முதல் வாத்து முழுசாக வந்தது. வெளியே உட்கார்ந்திருந்த மனைவிக்குக் கண்ணாடிக் கதவு வழியாக அவர் சிரிப்புச் சத்தம் கேட்டது. “உள்ள என்ன, கச்சேரியா?” என்று கேட்பாள். டயாலிசிஸ் நாளில் அவர் அவளுக்கு முன்னால் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு நின்றார். அவளுக்கு அது போதும்.

பிறகு ஒருநாள் பேக்கரிக்காரம்மா வந்ததும் வராததுமாகச் சொன்னாள். “அண்ணே, என் தம்பியோட கிட்னி எனக்குப் பொருந்துதாம். தேதி குடுத்துட்டாங்க.”

அவருக்குச் சந்தோஷம்தான். அது பொய்யில்லை. ஆனால் அன்று அவர் விரல்கள் ஊசியை நாலைந்து தடவை தவறவிட்டன. அவள் கவனித்தாள். கடைசி நாள் வளையத்தைக் கிளிப்போடு அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். இரண்டாவது வாத்து பாதியில் நின்றிருந்தது.

“நீங்க போடுங்க. நான் வெளியில வந்ததும் வந்து பாப்பேன். ஏமாத்தக் கூடாது.”

“ஒத்தைக் கையில எப்படிம்மா?”

“நானும் அப்படித்தானே ஆரம்பிச்சேன்?”

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்ற செய்தி வந்தது. கிருமி தொற்றிவிடும் என்று அவளைப் பார்க்க யாரையும் விடவில்லை. போன் செய்து பேச அவருக்குக் கூச்சம். அவர் மனைவி பாதி நாள் வேலை பார்த்த சலவைக் கடை பேக்கரி இருந்த தெருவில்தான் இருந்தது. அதனால் தூது அவள் வழியாக நடந்தது. டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்ததும் அவர் துணியை நீட்டுவார், அவள் போனில் படம் பிடிப்பாள். மறுதடவை வரும்போது, “கடையில காட்டினேன், அவங்க தம்பி பொண்டாட்டி அதை அவங்களுக்கு உள்ள அனுப்பினாளாம், ரொம்ப சந்தோஷப்பட்டாங்களாம்” என்பாள்.

அந்தத் தூது சில வாரம்தான் உண்மையாக நடந்தது. ஒருநாள் மனைவி போனபோது பேக்கரி ஷட்டர் இறங்கிக் கிடந்தது. பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். காய்ச்சல். அந்தம்மா மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. நேற்றுத்தான் எடுத்தார்கள்.

அவள் சலவைக் கடைக்குப் போய், ஒரு சட்டையை இஸ்திரி மேசையில் விரித்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் வீட்டில் அவர் கேட்டார், “பாலத்துக்கு அடியில தண்ணி ஆரம்பிச்சிருக்கேனே, பாத்தாளா?”

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். மூச்சு முட்டித் திறந்துகிடந்த அதே வாய் கண் முன்னால் வந்தது.

“பாத்தாங்க” என்றாள்.

ஒன்று சொன்னால் அடுத்ததும் சொல்லத்தானே வேண்டும். நன்றாக இருக்கிறது என்று மட்டுமே எத்தனை தடவை சொல்வது? நம்பவேண்டுமே என்று ஒருநாள் குறையும் சொன்னாள். “பாலத்துக்கு அடியில தண்ணி இவ்வளவு வெளிச்சமா இருக்காதேன்னு கேட்டாங்களாம். கொஞ்சம் இருட்டு நீலம் போட்டா நல்லா இருக்குமாம்.” கண்டக்டர் யோசித்தார். பாக்கெட்டோடு வந்த வரைபடத்தில் அப்படி இல்லை. ஆனாலும் போட்டதை எல்லாம் பிரித்து, கருநீல நூலில் மறுபடி போட்டார். ஒற்றைக் கையில் அது பல நாள் வேலை.

பேக்கரிக்காரம்மாவின் நாற்காலிக்கு ஒரு லாரி மெக்கானிக் வந்திருந்தார். வந்ததும் தூங்குவார், முடிந்ததும் எழுந்து போவார்.

அன்று கண்டக்டர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது, வார்டு வாசலில் ஒரு ஆள் விலாவில் கையை வைத்தபடி நின்று தேடுவதைப் பார்த்தார். பேக்கரிக்காரம்மாவின் சாடை அப்படியே இருந்தது.

“நீங்கதானே கீழ் கை?” என்றான் அவன் பக்கத்தில் வந்து. “அக்கா உங்களை அப்படித்தான் சொல்லும். எனக்கு இன்னைக்கு செக்கப். பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

கண்டக்டர் முகம் மலர்ந்தது. “வா தம்பி, வா! உன் உடம்பு தேவலையா? அக்கா எப்ப வருவா? இத பாரு, சொன்ன மாதிரியே இருட்டு நீலம் போட்டுட்டேன். இன்னும் வாத்துத் தலைதான் பாக்கி. அவ வர்றதுக்குள்ள...”

தம்பி துணியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தான்.

“உங்க வீட்டுல... உங்ககிட்ட சொல்லலையா?”

அதற்குமேல் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னான். வேறு யாரிடமும் இதுவரை சொல்லாதவனைப் போலச் சொன்னான். “நல்லாத்தான் வேலை செஞ்சுதுண்ணே. டாக்டரே சொன்னாரு, உன்னோடது அவ உடம்புல ஜம்முனு ஒட்டிக்கிச்சுன்னு. காய்ச்சல் எங்கிருந்து வந்துதுன்னே தெரியல. எனக்குள்ள இருந்ததைக் குடுத்தேன். அதுவும் அவகூடவே போயிடுச்சு.”

எழுந்து அவனைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது கண்டக்டருக்கு. வலது கை கட்டிக்கிடந்தது. இடது கையை எட்டும் மட்டும் நீட்டினார். இழுத்ததில் குழாய் மடங்கி இயந்திரம் அலறியது. பெரிய சிஸ்டர் ஓடிவந்து, சரிசெய்து, தம்பியை அடையாளம் கண்டு, அவனுக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டுப் போனாள். அக்கா எப்படி இருக்கிறாள் என்று அவள் அவனைக் கேட்கவே இல்லை. வார்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“இதுல அக்கா போட்டது எது?” என்று கேட்டான் தம்பி, ஸ்டூலில் உட்கார்ந்து.

“எல்லாமே, இந்த வாத்து கழுத்து வரைக்கும். மேல அவ, கீழ நான். தண்ணி மட்டும் நான் தனியா.” வளையத்தைக் கழற்றச் சொல்லி, துணியை அவனிடமே கொடுத்தார். “எடுத்துட்டுப் போ.”

“தலை இல்லையேண்ணே.”

“என்னால முடியாது தம்பி. எடுத்துட்டுப் போ.”

அவன் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, விலாவைப் பிடித்தபடி மெல்ல நடந்து போனான்.

வெளியே வந்ததும் மனைவி வழக்கம்போலப் போனை எடுத்தாள். அவர் கை வெறுமனே இருப்பதைப் பார்த்தாள். தம்பி கூடத்தைத் தாண்டிப் போனதை அவளும் பார்த்திருந்தாள். இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். கதவைச் சாத்தியதும் அவர் கேட்டார்.

“எத்தனை நாளா?”

“தண்ணி ஆரம்பிச்சதிலிருந்து.”

“என்னைச் சின்னப்பிள்ளைன்னு நினைச்சியா? செத்துப்போனவளுக்குக் காட்டச் சொல்லி ஒவ்வொரு தடவையும் நீட்டியிருக்கேன். நீயும் வெக்கமில்லாம படம் பிடிச்சிருக்க.”

“ஆமா, பிடிச்சேன்.” அவள் குரல் தணியவில்லை. “சொல்லியிருந்தா அந்த நாற்காலியில போய் உக்காந்திருப்பீங்களா? உங்களை நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கிட்டு ஓடினது நான். நீங்க இல்ல. உங்களுக்கு அந்த நாள் நினைவே கிடையாது. எனக்கு அது தினமும் இருக்கு.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் அடுப்படிக்குப் போய், ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்தாள்.

“அந்த இருட்டு நீலம்?” என்றார். “அது யார் சொன்னது?”

“நான்தான். நம்பணுமேன்னு...”

“சும்மாவா சொன்ன?”

“சும்மா எப்படிச் சொல்றது? படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன். பாலத்துக்கு அடியில வெயில் விழாதே, அதான் தோணிச்சு.”

“சரியாத்தான் தோணியிருக்கு.” சொல்லும்போதே அவர் முகம் கோணிக்கொண்டது. பேக்கரிக்காரம்மாவுக்காக அவர் அப்போதுதான் அழுதார். தோளெல்லாம் குலுங்க, மூக்கைத் துடைக்கவும் தோன்றாமல் அழுதார். அவள் கிட்டப் போகவில்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று, அவளும் அழுதாள். அவளுக்கும் அந்தப் பெண் யாரோ இல்லை. இத்தனை நாளும் அவளுக்காக அழ இந்த வீட்டில் ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை.

ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி டயாலிசிஸ். காலையில் அவள் அவரை எழுப்பவில்லை. எழுப்பப் பயம். சமையலறையில் நின்றுகொண்டு காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டில் கிரீச்சிட்டது. குழாயில் தண்ணீர் விழுந்தது. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து, செருப்பைத் தேடினார்.

வார்டு வாசலில் அவள் தன் பையைத் துழாவி, ஒரு குரோஷா ஊசியும் நூல்கண்டும் எடுத்து நீட்டினாள்.

“வேண்டாம்மா” என்றார்.

“அப்ப உள்ள போய் என்ன செய்வீங்க?”

“ஒண்ணும் செய்யமாட்டேன். உக்காந்திருக்கேன்.”

உள்ளே போனார். சிஸ்டர் எடை பார்த்தாள், ஊசி குத்தினாள். மெக்கானிக் ஏற்கெனவே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாக அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் கண்ணைத் திறந்துகொண்டு, இடது கையை மடியில் போட்டுக்கொண்டு, வெறுமனே உட்கார்ந்திருந்தார்.