யார் போட்டது

பெட்டியின் அடியில் திகதி அச்சிட்டிருந்தது: 31.03.2007. அன்று மார்ச் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை.

வீட்டிலேயே பியர் காய்ச்சுவதற்கான பெட்டி அது. உள்ளே ஒரு தகரம் நிறையப் பார்லியில் எடுத்த மோல்ற் பாகு, ஒரு பொட்டலம் கசப்புப் பூ, ஒரு சின்ன மஞ்சள் பை, இருபது லீற்றர் பிளாஸ்ரிக் வாளி. நிருஜனின் மனைவி வினோஜா ஒன்றரை வருடத்துக்கு முன் வாங்கி வந்தது. அவள் மருந்துக்கடையில் வேலை செய்தவள். அளந்து கலக்கும் எதிலும் அவளுக்கு ஆசை. "ஒரு ஞாயிறு இருந்து செய்வம் நிரு" என்றாள். ஞாயிறுகள் வந்து போயின. அடுத்த தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் தலைக்குள் இரத்தக்குழாய் ஒன்று வெடித்தது. வெள்ளிக்கிழமை அவள் இல்லை. நிருஜனுக்கு அப்போது முப்பத்தொரு வயது.

பெட்டியை எறிய மனம் வரவில்லை. திகதி முடிந்தபின் வைத்திருப்பதிலும் அர்த்தமில்லை. உள்ளே இருந்தது ஒரே ஒரு தடவைக்குப் போதுமான சாமான். அவன் பியரை விரும்பிக் குடிப்பவன்கூட அல்ல. ஆனால் அவள் வாங்கியதை ஒருமுறை ஒழுங்காகச் செய்து முடிக்க வேண்டும். பிசகக் கூடாது.

பியர் காய்ச்சப் போவதை அலுவலகத்தில் கதிரிடம் வாய்விட்டுச் சொன்னதே முதல் பிசகு.

கதிர் மதுரைக்காரன். கணினி வேலைக்கு ஒஸ்லோ வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் பதினான்கு மாதமாக நிருஜனோடு நோயாளியின் கட்டிலருகே நின்று பேசுவதுபோலப் பேசினார்கள். கதிருக்கு அந்த வித்தை தெரியாது.

"பாஸ், விடுங்க. நெட்ல எல்லாம் படிச்சிட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல நான் உங்க வீட்ல இருக்கேன்."

சொன்னபடி காலை பத்து மணிக்கு, நிருஜன் வீடு இருக்கும் ஹொல்ம்லியாவில் ரயிலால் வந்து இறங்கினான், கையில் ஒரு பெரிய அலுமினிய அண்டாவோடு.

"இது ஆற்ரை?" என்றான் நிருஜன், மூடியைத் திறந்து மணந்து பார்த்து.

"நாங்க பசங்க பிரியாணி செய்யறது. கழுவிட்டேன் பாஸ்."

"பட்டை கராம்பு மணக்குது."

"அது அலுமினியத்துக்குள்ளயே போயிடுச்சு. ஒண்ணும் பண்ணாது."

நிருஜன் அண்டாவை மூன்று முறை தேய்த்தான். மூன்றாவது முறையும் ஆட்டிறைச்சி மணந்தது. பெட்டிக்குள் இருந்த தாள் நோர்வேஜிய மொழியில் இருந்தது. துப்புரவே முதல் விதி என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அவன் அந்த வரியைக் கடந்து அடுத்த வரிக்குப் போனான்.

பத்து லீற்றர் தண்ணீர் கொதிக்க ஐம்பது நிமிடம் எடுத்தது. பாகை ஊற்றினார்கள். நுரை வரும், பார்த்துக்கொண்டே நிற்கவும் என்று தாளில் இருந்தது. நிருஜன் அதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே நுரை வந்துவிட்டது. பால் பொங்கினால் அடுப்பை நூர்த்துவிடலாம். இது மின்னடுப்பு. நூர்த்த பிறகும் தன்பாட்டில் கொதித்தது. பாகு அடுப்புத் தட்டில் வழிந்து கருகி, புகை எழும்பி, கூரையில் இருந்த எச்சரிக்கை மணி கத்தத் தொடங்கியது. கதிர் கதிரையில் ஏறி நின்று பத்திரிகையால் விசிறினான்.

"இறங்கும். கதிரை உடையப் போகுது."

"'நீர்' 'இறங்கும்'னு நீங்க பேசறப்ப எனக்கு ராஜா நாடகம் பார்க்கற மாதிரியே இருக்கு பாஸ்."

"இறங்கும் எண்டெல்லோ சொல்லுறன்!"

கசப்புப் பூவைப் போட்டு ஒரு மணி நேரம் காய்ச்சினார்கள். நிருஜன் குளியலறைக்குப் போய் வாளியைக் கழுவத் தொடங்கினான். தண்ணீர் ஓடும் சத்தத்தில், அடுத்த வேலையை மறக்கமுன் சொல்லிவிட வேண்டும் என்று குரல் கொடுத்தான்.

"கதிர்! நேரம் சரி, நூரும். இனி யார் போடவேணும்! ஆறினாப்பிறகு!"

அடுப்புக்கு மேல் காற்றாடி இரைந்துகொண்டிருந்தது.

"நானே போடறேன் பாஸ்!" என்றான் கதிர்.

ஆறவைப்பதற்கு வெறாண்டாவில் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது. இருவருமாக அண்டாவைத் தூக்கிப் பனியில் வைத்தார்கள். இயற்கையே குளிர்சாதனப் பெட்டி என்றான் கதிர். சூடான அண்டா தன் கீழிருந்த பனியை உருக்கும் என்பது, கொம்பியூட்டர் படித்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அதுவும் ஒரு பக்கமாக உருக்கியது. தேநீர் ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்கையில், அண்டா கிழவன்போலச் சாய்ந்து நின்றது. மூன்று லீற்றர் மண்ணிறப் பாகு பலகை இடுக்குகளால் கீழ்வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

ஓடிப்போய் நிமிர்த்தினார்கள். நிருஜனுக்கு உள்ளங்கை சுட்டது. வேலியில் போன ஓணானைத் தானே எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டதாக நினைத்தான்.

ஐந்து நிமிடத்தில் கதவு மணி அடித்தது. கீழ்வீட்டுப் புஷ்பமலர் அக்கா. ஐம்பது வயது, முதியோர் இல்லத்தில் வேலை. வினோஜா போனபின் வெள்ளிதோறும் கறிச்சட்டியைக் கதவடியில் வைத்து, மணியை அடித்துவிட்டு, அவன் திறக்கமுன் இறங்கிப் போய்விடுவாள். அவன் முகத்தைப் பார்க்கப் பயம். இன்று முகத்துக்கு நேரே நின்றாள். கையில் ஒரு வெள்ளைப் போர்வை, நடுவில் மண்ணிறம்.

"என்ன தம்பி இது? காத்தாட விட்ட போர்வை! மேலை என்ன நடக்குது? கசிப்புக் காய்ச்சுறீரோ?"

"பியர் அக்கா."

"பியரோ? ஹோர்லிக்ஸ் கருகின மணமெல்லோ வருது." உள்ளே எட்டிப் பார்த்தாள். அடுப்பு, தரை, கதிரையில் சப்பாத்து அடையாளம். "கடவுளே. உது ஆர் பெடியன்?"

"வணக்கம்க்கா. நான் கதிர்."

"நீர்தான் உவருக்கு உபாத்தியாரோ?"

குளியலறையில் மிச்சத்தை வாளிக்கு மாற்றிப் பத்து லீற்றர் குளிர்ந்த தண்ணீர் விட்டார்கள். அக்கா போர்வையை இடுப்பில் வைத்தபடி அசையாமல் நின்றாள். வெப்பமானி இருபத்திரண்டு காட்டியது. தாளில் கேட்டதும் அதுதான். அன்று சரியாக வந்த முதல் காரியம்.

"இனி யார் போடுவம்" என்றான் நிருஜன்.

"யார் வேணா போடலாம் பாஸ். என்ன போடணும்?"

"யார்."

"அதான் கேக்கறேன், என்னது?"

"யார் எங்கை வைச்சனீர்?"

கதிர் சுற்றும் முற்றும் பார்த்தான். "யாரை எங்க வச்சேன்? அக்கா இங்கதான நிக்கறாங்க?"

"விளையாடாதையும் கதிர். சின்ன மஞ்சள் பை!"

"ஓ, அதுவா! அது அப்பவே போட்டாச்சு. நீங்கதான 'யார் போடணும்'னு கேட்டீங்க. நானே போடறேன்னு சொல்லிட்டுப் போட்டேன்."

"எப்ப?"

"அடுப்ப அணைச்ச உடனே. கொதிச்சிட்டு இருந்தது. பெட்டில மிச்சம் அதுதான் இருந்தது, ஏதோ தெளிய வைக்கிற பொடின்னு நினைச்சேன்."

நிருஜன் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

நோர்வேக்காரர் ஈஸ்டைச் சொல்லும் சொல் தமிழ்க் காதுக்கு 'யார்' என்றே கேட்கும். எழுத்தில் வேறு மாதிரி இருக்கும். கதிர் பையைப் பார்த்து எழுத்துக் கூட்டியிருந்தாலும் பிடிபட்டிராது. ஒன்பது வயதில் வந்த நிருஜனுக்கு வேறு சொல் வாயில் வராது. அந்தச் சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருள் உண்டு என்பதும் இத்தனை வருடம் அவனுக்கு உறைக்கவில்லை. ஏனென்றால் யாழ்ப்பாணத்து வாயில் 'யார்' இல்லை. 'ஆர்'தான்.

"அது ஈஸ்ட்" என்றான்.

"ஈஸ்ட்டா? ஈஸ்ட்ட நீங்க ஃப்ரிஜ்ல வச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். ஈஸ்ட்னு சொல்லியிருக்கலாம்ல?"

"யார் எண்டு சொன்னனான்!"

"யாருன்னா 'ஹூ' பாஸ்! உலகத்துல எல்லாத் தமிழனுக்கும் யாருன்னா 'ஹூ'தான்!"

"ஆர் சொன்னது?"

"பாருங்க, நீங்களே இப்ப 'ஆர்'ங்கறீங்க!"

"ஓமடா! அதாலைதான்! 'ஆர் போடவேணும்' எண்டு கேட்டால்தான் கேள்வி! கொதி தண்ணியிலை ஈஸ்ட் கிடக்குமோ? செத்துப் போச்சு. பதினேழு லீற்றரும் வெறும் சீனித் தண்ணி."

"சரி, கடைல வேற வாங்கிக்கலாம்..."

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை! கடை எங்கை திறந்திருக்கு? நாளைக்குப் பாத்தால் இது புளிச்சுக் கிடக்கும். இருந்தது ஒரேயொரு பை. ஒண்டு! அவள் வாங்கி வைச்சது ஒண்டுதான்!"

கடைசிச் சொற்கள் குளியலறை ஓடுகளில் பட்டுத் திரும்பி வந்தன. அவன் குரல் அவ்வளவு பெரிதென்று அவனுக்கே நினைவில்லை. கதிர் வாளியைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான்.

"அவங்க வாங்கினதா?" என்றான். "நீங்க சொல்லவே இல்லையே."

"சொல்லேல்லை."

"சொல்லியிருந்தா அந்த அண்டாவையே கொண்டாந்திருக்க மாட்டேன்."

புஷ்பமலர் அக்கா போர்வையை வாசலில் போட்டாள். "என்னட்டை இருக்கு."

"என்ன இருக்கு?"

"யார்தான். அப்பத்துக்குப் போடுறது. கீழை மூண்டு பை கிடக்கு."

"ஆப்பத்துக்கு ஈஸ்ட்டா?" கதிருக்குத் தாங்கவில்லை. "அது ரொட்டி ஈஸ்ட்டுக்கா. பியருக்குப் போட்டா ரொட்டி ஊறின தண்ணி மாதிரி இருக்கும். நெட்ல தெளிவா..."

"நீர் நெட்டிலை படிச்சது காணும். ஊரிலை கள்ளை அப்பத்துக்கு விட்டது. இஞ்சை அப்பத்துக்கு உள்ளதைக் கள்ளுக்கு விடுறம். எல்லாம் தலைகீழ்தான்." அவள் அதற்குள் படியில் இறங்கியிருந்தாள்.

நிருஜன் வாளியின் அருகே குந்தினான். கொட்டிவிடலாம். குளியலறை வடிகால் இரண்டடி தூரத்தில்தான். கொட்டினால் பெட்டி முடிந்தது. போட்டால் அது வினோஜா வாங்கிய பியராக இராது, ஏதோ ஒன்றாக இருக்கும். கதிர் வாயைக் கையால் மூடிக்கொண்டு நின்றான். அது அவனுக்குப் பெரிய முயற்சியாக இருந்திருக்க வேண்டும்.

அக்கா மூச்சு வாங்க வந்து பைகளை நீட்டினாள்.

"எத்தினை போட?"

"எனக்கென்ன தெரியும்? அப்பத்துக்கு அரைக் கரண்டி. இது ஒரு குளமெல்லோ, மூண்டையும் கொட்டும்."

நிருஜன் மூன்றையும் கொட்டினான். மூடியை இறுக்கினான். தாள் அந்தச் சூட்டை அப்படியே வைத்திருக்கச் சொன்னது. வீட்டில் சூடு குறையாத இடம் குளியலறைதான். அங்கே தரைக்குள் கம்பி ஓடிச் சூடாக்கும். வாளியை அந்தத் தரையிலேயே விட்டார்கள். கதிர் அடுப்பைச் சுரண்டினான். அக்கா கறையோடு போர்வையை எடுத்துக்கொண்டு, அதைத் தோய்ப்பது யார் பொறுப்பு என்பதையும் சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை வாளியில் அசைவில்லை. நிருஜன் மூன்று முறை காது வைத்துப் பார்த்தான்.

செவ்வாய் காலை வேலைக்கு வெளிக்கிட்டு, பல் தீட்டக் குளியலறைக் கதவைத் திறந்தான். மூடி கழுவு தொட்டிக்குள் கிடந்தது. சுவரில் பாதி உயரத்துக்கு நுரை. சூடான தரை, மூன்று பை அப்பத்துக்கான ஈஸ்ட், இரண்டு இரவு. வாளி இன்னும் பொங்கிக்கொண்டிருந்தது. ரொட்டிக் கடைபோல மணந்தது. அடியில் மெல்லியதாகப் பட்டை கராம்பு. சீனி ஒட்டிய தரையில் காலுறை பிடித்துக்கொண்டு வர மறுத்தது.

ஏழு நாற்பது ரயில் போய்விட்டது. அவன் காற்சட்டையை மடித்துவிட்டு முழங்காலில் இருந்து துடைத்தான். முதலில் கதிரைத் திட்டினான். பிறகு அக்காவை. பிறகு தரைக்குள் கம்பி போட்டவர்களை. துடைக்கத் துடைக்க வாளி ஊற்றியது.

"வினோஜா!" என்றான் உரத்து. "இருபது லீற்றர் ஏன் வாங்கினனீர்? ரெண்டு பேருக்கு இருபது லீற்றரோ? நீர் ஒரு கிளாஸ் குடிச்சாலே நித்திரை. மிச்சம் ஆர் குடிக்கிறது? வாங்கிறதை வாங்கிப்போட்டு, என்னை இதுக்குள்ளை விட்டுட்டு..."

வெளியே படியில் காலடி நின்றது. வேலைக்குப் புறப்பட்ட புஷ்பமலர் அக்கா, சத்தம் கேட்டு மேலே ஏறி வந்திருந்தாள்.

"தம்பி," கதவுக்கு அப்பால் இருந்து கேட்டாள், "ஆரோடை சண்டை?"

துணியைப் பிழிந்தான். "வினோஜாவோடை."

"வடிவாக் கேளும், ஒண்டும் விடாமல்" என்றாள் அக்கா. காலடி படியிறங்கிப் போனது. அவன் மீண்டும் திட்டத் தொடங்கினான்.