கலந்த தண்ணீர்

ராமுலுவின் கட்டிலை ஒட்டிய சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து அவர் தலையணையில் விழும். பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்த மனிதர். இடக்கை எட்டாது; அதைத் தட்டிவிடக்கூட இன்னொருவர் கை வேண்டும். மருமகள் சைத்ராதான் காலையும் மாலையும் தட்டிவிடுவாள். அப்படித் தட்டும்போதுதான் விரிசலைப் பார்த்தாள். மறுவாரம் அதில் அவளுடைய சுண்டுவிரல் நுழைந்தது.

செல்வபுரத்தில் மண் சாந்து வைத்துக் கட்டிய பழைய வீடு. பின்னாளில் வாசலில் தரையைத் தோண்டி, அந்தச் சுவரை ஒட்டியே, தண்ணீர் சேர்க்கும் சம்ப்பைக் கட்டிவிட்டார்கள். அவள் கணவன் சாய்கிருஷ்ணா சூலூர் பட்டறைக்குப் போகும் வழியில் நான்கு பேரிடம் விசாரித்து, கோட்டைமேட்டிலிருந்து ரைஹானை வரவழைத்தான். கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் ரைஹானின் தொழில்.

அவர் வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வந்தார். சுவரடியில் ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டினார். அடியில் தண்ணீர் ஊறியது. உப்பின் அளவைக் காட்டும், பேனா போன்ற ஒரு மீட்டரை அதில் நனைத்தார். பிறகு சம்ப்பில் நனைத்தார். பிறகு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர் குழாயைத் திறந்து அதில் நனைத்தார்.

"சம்ப்புல அறுபது. நேத்து சிறுவாணிக் குடிதண்ணி வந்துச்சுங்களா?"

"நேத்துத்தானுங்க பாய் வந்துச்சு. பத்து நாள் கழிச்சு," என்றாள் மாமியார் பங்காரம்மா.

"போர் தண்ணி ஆயிரத்து நானூத்தி எம்பது. குழியில எண்ணூத்தி இருவது. ரெண்டுக்கும் நடுவால நிக்குது, அதான் கேக்கறேன். உப்புத்தண்ணிய எப்பவாச்சும் சம்ப்புல உட்டீங்களா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. எங்கூட்டு சம்ப்புல ஒரு சொட்டு உப்புத்தண்ணி படாது. சொந்தக்காரங்க வந்தா சிறுவாணியிலதான் காப்பி. மத்தவீங்க ஊட்டுல மாதிரி உப்புத்தண்ணியில வெந்து மஞ்சப் பூத்த சோறு இங்க கெடையாதுங்க."

ரைஹான் சைத்ரா பக்கம் திரும்பினார். "நீங்க என்னங்க அம்மணி சொல்றீங்க?"

மாசி மாதத்திலிருந்தே சம்ப் சீக்கிரம் காலியாகிக்கொண்டிருந்தது. பத்து நாளுக்கு வர வேண்டிய தண்ணீர் ஆறாம் நாளே தரை தட்டும். "நீ குளிக்கறயா, கோயல் ஆனையக் குளிப்பாட்டறயா?" என்று மாமியார் கேட்பாள். பக்கத்து வீட்டு அக்ஷயா காதில் விழும்படிதான் கேட்பாள். சைத்ரா வாளித் தண்ணீரை அரையாக்கினாள். தலைக்குக் குளிப்பதை வாரம் ஒன்றாக்கினாள். அப்போதும் தண்ணீர் குறைந்தது. ஒருநாள் மாமியார் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, போர் குழாயின் கேட்வால்வைத் திறந்து சம்ப்பில் அரைமணி நேரம் விட்டாள். அதற்குப் பிறகு மூன்று முறை. குடிக்கிற தண்ணீரைத் தனி டிரம்மில் பிடித்து வைத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"இல்லீங்க," என்றாள் சைத்ரா.

ரைஹான் தலையாட்டினார். சம்ப்பில் உப்பே படவில்லையென்றால் குழியிலிருக்கும் உப்பு அங்கிருந்து வந்ததில்லை; சம்ப் குற்றவாளியில்லை. போர் தண்ணீர் போகும் குழாய்தான்; மண்ணிலிருந்த ஈரம் கலந்து உப்பு குறைந்திருக்கும். குளியலறைப் பக்கம் தோண்டியதில் ஒரு மூட்டு சொட்டிக்கொண்டிருந்தது. அதை வெட்டி எறிந்து புதிதாக மாட்டினார்.

"நாலஞ்சு நாள்ல காஞ்சுபோகும். இல்லீன்னா ஒரு போன் போடுங்க."

"கெட்டிக்காரருங்க," என்றாள் பங்காரம்மா, அவர் போன பிறகு. "அரை நாள்ல கண்டுபுடிச்சுப்போட்டாரு."

திங்கட்கிழமை, வீட்டில் எல்லாக் குழாயும் மூடியிருந்த நேரத்தில், சைத்ரா ஒரு குச்சியை சம்ப்புக்குள் விட்டு நனைந்த இடத்தில் நகத்தால் கீறினாள். மூன்று மணி நேரம் கழித்து மறுபடி விட்டுப் பார்த்தாள். ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. இத்தனை நாள் தான் வாங்கிய பேச்செல்லாம் இந்தத் தொட்டிக்குச் சேர வேண்டியது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. சுவரும் ஏன் காயவில்லை என்று புரிந்தது.

சொல்ல வேண்டும். ஆனால் சம்ப் ஒழுகுகிறது என்று சொன்னால், குழியில் உப்பு எப்படி வந்தது என்று கேட்பார்கள்.

புதன்கிழமை ரைஹானுக்குப் போன் செய்தாள். "செவுரு காயலீங்க பாய்."

"மண்ணு குடிச்ச தண்ணிங்க அது, மெதுவாத்தான் எறங்கும். வெள்ளிக்கெழமை தொழுதுட்டு வாரேன். வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?"

சைத்ரா சம்ப்பின் மூடியைப் பார்த்தாள்.

"இல்லீங்க. செரிங்க."

மாமாவின் கட்டிலை நகர்த்தலாமா என்று அன்று மாலை அத்தையிடம் கேட்டாள். சரிசெய்த சுவருக்கு எதற்கு இனிமேல் பயம், ஜன்னல் காற்று இல்லாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும் என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை காலை சம்ப் தரை தட்டிவிட்டது. "மறுக்கா ஆனை குளிச்சுதா?" என்று கேட்டுவிட்டு மாமியார் ரேஷன் கடைக்குப் போனாள். சைத்ரா கேட்வால்வைத் திறந்தாள். இந்தத் தடவை முழுதாக நிரம்பும்வரை விட்டாள்.

பன்னிரண்டரை மணிக்கு அடுப்படியில் ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். லாரியிலிருந்து மூட்டையைத் தள்ளியதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓடிப் போய்ப் பார்த்தபோது அறைக்குள் தெரு தெரிந்தது. ஜன்னலோடு சேர்ந்து சுவர் உள்பக்கமாகக் கட்டில் மேல் படுத்திருந்தது. வெளியே தெரிந்தது அவருடைய இடக்கை மட்டும். அது அசைந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்தார் வந்து கல்லைப் புரட்டி முடிப்பதற்குள் அது நின்றுவிட்டது.

மறுநாள் மதியம் அரசு மருத்துவமனையிலிருந்து உடலைக் கொண்டுவந்து பந்தலில் கிடத்தியிருந்தார்கள். ரைஹான் சொன்னபடி தொழுகை முடித்து வந்தார். பந்தலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். சாய்கிருஷ்ணா எழுந்து போய் அவர் சட்டையைப் பிடித்தான்.

"சரியாப்போச்சுன்னுதான சொன்னீங்க? உங்கள நம்பித்தான அவர அங்கயே படுக்க வெச்சோம்?"

ரைஹான் கையை விலக்கவில்லை. "என் தப்புத்தானுங்க. வாய்ப் பேச்ச நம்பிப்போட்டேன். சம்ப்ப ஒரு நாள் நெறச்சு வெச்சுப் பாத்திருக்கோணும்."

"பாத்திருக்கோணுமா? இன்னிக்குச் சொல்றீங்களா?" சாய்கிருஷ்ணா அவரைப் பிடித்து உலுக்கினான். பின்னால் இரண்டு பேர் எழுந்து வந்தார்கள்.

"அவரு கேட்டாருங்க," என்றாள் சைத்ரா. யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. "அவரு கேட்டாரு. நாந்தான் இல்லீன்னு சொன்னேன். உப்புத்தண்ணிய சம்ப்புல உட்டது நானு. நேத்தும் உட்டேன்."

சாய்கிருஷ்ணாவின் கை சட்டையிலிருந்து நழுவியது. அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். எல்லாரும் பங்காரம்மாவைப் பார்த்தார்கள். அவள் கணவரின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். சைத்ராவை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லியிருந்தீன்னா நானே தெறந்து உட்டிருப்பனே, கண்ணு."

அது உண்மையா என்று சைத்ராவுக்குத் தெரியவில்லை. உண்மையாக இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

ரைஹான் சம்ப்பின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "இன்னும் அரைத் தொட்டி இருக்குதுங்க," என்றார், யாரிடமும் குறிப்பாக இல்லாமல். "உட்டா மத்த செவுத்தையும் அரிச்சுப்போடும். எறைக்கோணும்."

 அவர் மோட்டாரில் ஓஸ் குழாய் மாட்டி நுனியைத் தெருவில் போட்டார். சைத்ரா போய் சுவிட்சைத் தட்டினாள். தண்ணீர் பந்தலின் ஓரமாகத் தெருவில் ஓடியது. நின்றுகொண்டிருந்தவர்கள் செருப்பை எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்கு வழிவிட்டு நகர்ந்து நின்றார்கள்.