கூப்பிட்டால் பேசக்கூடாது

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மூக்கு ஒழுகும் பிள்ளையைத் துடைக்காமல் கொண்டுவந்து விட்டால் தாயை வாசலிலேயே நிறுத்திக் கேட்டுவிடுவேன். அப்படிப்பட்டவள் ஒரு வியாழக்கிழமை மூன்று மணிநேரம், பேச வேண்டியதைப் பேசாமல் இருந்தேன்.

எங்கள் தோட்டம் அக்கரப்பத்தனைப் பக்கம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் பிள்ளைக்காம்பரா. போர்டில் மட்டும் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று இருக்கும். அதற்குப் பொறுப்பு நான், ஜீவராணி டீச்சர். சமைக்கவும் கழுவவும் சர்மிளா என்று ஒரு பிள்ளை உதவிக்கு இருந்தாள். சனிக்கிழமைகளில் நான் ஹட்டனுக்குப் பஸ் ஏறிப் போய் சிறுவர் உளவியலில் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைக்காம்பராவில் பெரிய தொல்லையே மத்தியானந்தான். கொழுந்து நிறுக்க மடுவத்துக்குப் போகும் பெண்கள் எங்கள் வேலியோரமாகப் போவார்கள். சும்மா போகலாமல்லவா? ஆளுக்கொரு கூப்பாடு. அம்மா குரல் கேட்டதும் பிள்ளைகள் வெளியே பாயும். அம்மா நிற்காமல் போய்விடுவாள். பிறகு நாலு மணிவரை பதினொரு பிள்ளைகளும் ஒரே ஒப்பாரி.

அதோடு வேலிக்கு அந்தப் பக்கம் பத்தாம் நம்பர் மலை. வேலைக்கு ஆளில்லை என்று தோட்டம் கைவிட்ட மலை அது. தேயிலை ஆளுயரம் வளர்ந்து காடாகிப் போயிருந்தது. அதற்குள் சிறுத்தை இருந்தது. லயத்து வீடுகளின் நாய்கள் இரண்டு ஏற்கெனவே காணாமல் போய்விட்டன. பிள்ளைகள் வேலிப்பக்கம் ஓடும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

நல்ல நடத்தைக்கு உடனே பரிசு கொடுத்தால் பிள்ளை அதைத் திரும்பத் திரும்பச் செய்யும் என்று வகுப்பில் சொல்லித்தந்தார்கள். படித்ததைச் செய்துபார்க்காவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஒரு விளையாட்டை உண்டாக்கினேன்.

"வெளிய நின்னு பேர் சொல்லி கூப்பிடுறது அம்மா இல்ல, சிறுத்த," என்றேன். "அம்மா மாதிரியே கூப்பிடும். பேசுனா புடிச்சிரும். உண்மையான அம்மா கூப்பிட மாட்டாங்க. சத்தமில்லாம கிட்ட வந்து தலையில கை வைப்பாங்க. அதுவரைக்கும் ஒளிஞ்சிருக்கணும், பேசக்கூடாது. சரியா?"

பேசாமல் இருந்த பிள்ளைக்கு ஒரு பிஸ்கட். மூன்றே வாரத்தில் மத்தியானம் அமைதியாகிவிட்டது. வேலியோரம் எத்தனை குரல் கேட்டாலும் ஒரு பிள்ளை அசையாது. பார்வையிட வந்த அதிகாரி அம்மா, இவ்வளவு ஒழுங்கான பிள்ளைகளைத் தான் கண்டதில்லை என்று புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பயங்காட்டிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை மனதில் என்ன நடக்கும் என்று என் பாடக் குறிப்பில் ஒரு பக்கம் இருந்தது. அது பரீட்சைக்கு வராது என்றார்கள். நானும் படிக்கவில்லை.

அந்த விளையாட்டில் கெட்டிக்காரி ஷெரோமி. கொழுந்து பறிக்கும் பவுலினின் மகள், நாலு வயது. தகப்பன் கொழும்பில் கடையில் நிற்கிறான். மற்றப் பிள்ளைகள் வாங்குப் பலகைக்குக் கீழே ஒளிந்தால் கால் வெளியே தெரியும். இவள் ஒளிந்தால் மூச்சுச் சத்தங்கூடக் கேட்காது. ஒருநாள் பவுலின் வேலியில் நின்று நாலைந்து தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், எம்மவ என்ன மறந்துட்டாளா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்த வியாழக்கிழமையும் மத்தியானம் குரல்கள் வந்தன, பிள்ளைகள் ஒளிந்தார்கள். பெண்கள் போய் முடிந்ததும் நான் வழக்கம்போல ஒவ்வொரு தலையாகத் தொட்டு எழுப்பினேன். பத்துத் தலைதான் இருந்தது. சமையலறைக் கதவு திறந்து கிடந்தது. வேலிக்கு அடியில் ஷெரோமியின் செருப்பு ஒன்று கிடந்தது. இன்னும் நல்ல இடமாகப் பார்த்து ஒளியப் போயிருக்கிறாள்.

சர்மிளாவைப் பிள்ளைகளோடு விட்டுவிட்டு மடுவத்துக்கு ஓடினேன். அரைமணியில் நாற்பது பேர் பத்தாம் நம்பர் மலையில் இறங்கிவிட்டார்கள். சிவசாமி கங்காணி ஆட்களைப் பிரித்து அனுப்பினார். எல்லோரும் கூப்பிட்டார்கள். மேலேயிருந்து ஷெரோமி, கீழேயிருந்து ஷெரோமி. எல்லாக் குரலுக்கும் மேலே பவுலினின் குரல்.

ஒவ்வொரு தரமும் அந்தப் பெயர் கேட்கும்போது அவள் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து, இன்னும் கொஞ்சம் மூச்சை அடக்குவாள் என்று எனக்குத் தெரியும். அந்த மலையில் எனக்கு மட்டுந்தான் தெரியும். சொல்லிவிடு என்று மனது அடித்துக்கொண்டது. சொன்னால் வேலை போகும், டிப்ளோமா போகும், அதைவிட இந்த நாற்பது பேரின் முகத்தைப் பார்க்க வேண்டும். இதோ இந்தத் தேயிலை நிரையில் இருப்பாள், அடுத்த நிரையில் இருப்பாள், சொல்லாமலே முடிந்துவிடும் என்று நடந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர்களோடு சேர்ந்து நானும் கூப்பிட்டேன்.

இரண்டு மணிக்கு மூடுபனி இறங்கியது. பக்கத்து நிரையில் போகிறவர் தெரியவில்லை. கூட வந்த நாய் ஓரிடத்தில் நின்று வாலை இடுக்கிக்கொண்டது. கங்காணி அதட்டிப் பார்த்தார், உதைத்தும் பார்த்தார். அது ஓர் அடி வைக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் யாரோடும் பேசவில்லை, கூப்பிட மட்டும் செய்தார்கள்.

மூன்றரைக்குப் பவுலினின் குரல் கிழிந்துவிட்டது. கூப்பிடுவதா அழுவதா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தமாக இருந்தது அது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. போய் அவள் கையைப் பிடித்தேன்.

"பவுலின், கூப்பிடாதீங்க."

"என்ன டீச்சர்?"

"கூப்பிட்டா வரமாட்டா. பேர் சொல்லி கூப்பிடுறது சிறுத்தன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். தலையில கை வைக்கிற வரைக்கும் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மூணு மணி நேரமா கத்துறேன்," என்றாள் மெதுவாக. "பாத்துக்கிட்டுதானே டீச்சர் நின்னீங்க?" பிறகு தலைத்துணியை இழுத்து வாயில் அமுக்கிக்கொண்டாள்.

கங்காணி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆட்களை ஒரே வரிசையாக நிறுத்தி, வாயைத் திறக்காமல் ஒவ்வொரு செடியின் அடியையும் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு வரச் சொன்னார். நாற்பது பேர் பனிக்குள் சத்தமில்லாமல் நடந்தோம். இலை உரசும் சத்தம் மட்டும் கேட்டது. எங்கே யார் உரசுகிறார்கள், அது ஆள்தானா என்று ஒவ்வொரு தரமும் திரும்பிப் பார்த்தேன்.

ஐந்து மணிக்குக் கிட்ட பவுலின்தான் கண்டெடுத்தாள். தண்ணீர் ஓடுவதற்காக வெட்டிய பழைய கானுக்குள், புதருக்கு அடியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஷெரோமி. பவுலின் நின்று அழுத இடத்திலிருந்து பத்தடி இருக்காது. பவுலின் கையைத் தலையில் வைத்தாள். பிள்ளை நிமிர்ந்து அவளைப் பார்த்தது, பிறகு பின்னால் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தது.

"டீச்சர், சிறுத்த அம்மா மாதிரியே கூப்பிட்டுச்சி. அழுது அழுது கூப்பிட்டுச்சி. நான் பேசவே இல்ல."

கங்காணி குந்தி உட்கார்ந்து கானுக்குள் ஈரச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் காலடிக்குப் பக்கத்தில் அகலமாக நாலைந்து தடம் பதிந்திருந்தது. ஓரம்கூட இன்னும் இடியவில்லை.

"வேற யாராச்சும் வந்தாங்களா பாப்பா?" என்று கேட்டார்.

"பெரிய பூன ஒண்ணு வந்துச்சி தாத்தா. இந்தா, இங்க நின்னுச்சி."

"பயமா இல்லயா?"

"அது கூப்பிடவே இல்லயே," என்றாள் ஷெரோமி. "சத்தமில்லாம கிட்ட வந்துச்சி. நான் தலைய குனிஞ்சி காட்டுனேன். கை வைக்காமலே போயிருச்சி."

பவுலின் அவளை அள்ளிக்கொண்டு ஓடினாள். நான் அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைக்காம்பராவில் மற்றப் பத்துப் பிள்ளைகளும் இதையேதான் படித்து வைத்திருந்தார்கள். சிறுத்தை எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு நான் ஒரு படம்கூடக் காட்டியதில்லை. பார்த்தால் பயந்து அழுவார்களே என்று.