கண் உருளும் ஓசை

காதைப் பார்க்க வந்த இடத்தில் காலுறையைக் கழற்றச் சொன்னார் டாக்டர் லஷான்ஸ். ஹெல்வி திரும்பித் தன் கணவன் டோய்வோவைப் பார்த்தாள். அப்படிப் பார்க்கும்போதே கண்விழிகள் குழிக்குள் நகரும் ஓசை அவளுக்குக் கேட்டது, பலகையில் உப்புத்தாளை மெல்ல இழுத்ததுபோல.

போன குளிர்காலத்திலிருந்தே இப்படித்தான். தண்டர் பே நகரில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள் அவள். பக்கக் கண்ணாடிகளை மாறி மாறிப் பார்ப்பதுதான் பிழைப்பு. ஒவ்வொரு பார்வைக்கும் ஒரு சரக். குதிகால் தரையில் பட்டால் மண்டைக்குள் யாரோ கதவை இடித்தார்கள். ரொட்டியைக் கடித்தால் எதிரே இருப்பவரின் பேச்சு அந்த மொறமொறப்பில் மூழ்கிப்போகும். சனிக்கிழமை சௌனாவில் வெந்நீராவிக்குள் எல்லோரும் கண்மூடி உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் தன் ரத்தம் ஓடும் இரைச்சல் தாங்காமல் பாதியில் எழுந்து வந்துவிடுவாள். ஒருநாள் பக்கத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. சாலையே ஒருபுறமாகச் சாய்ந்தது. பேருந்தை ஓரங்கட்டினாள், பிள்ளைகளை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பினாள், அன்றைக்கே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

முதலில் பார்த்த மருத்துவர் வயதைக் கேட்டுவிட்டுத் தூக்க மாத்திரை எழுதினார். டோய்வோவோ சிரித்தான்.

"கண்ணு சத்தம் போடுதுன்னு வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாத. ஊர்ல இருக்கற சத்தமெல்லாம் உனக்குக் கேக்குது, நான் பேசினா மட்டும் கேக்கறதில்ல."

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை. சுவரோடு பேசிப் பேசியே செத்துப்போன அத்தை ஒருத்தியின் நினைவு அடிக்கடி வந்தது. இங்கேயும் தலைசுற்றல் என்று மட்டுமே சொல்லியிருந்தாள்.

டாக்டர் இரும்பு இசைக்கவையைத் தன் முழங்கையில் தட்டி, அதிரும்போதே அதன் அடிக்காம்பை அவளுடைய கணுக்கால் எலும்பில் வைத்தார்.

காலில் லேசான கூச்சம்தான். ஓசை வலது காதுக்குள் எழுந்தது, தேவாலய மணிபோலத் தெளிவாக.

"எங்க கேக்குது?"

"காதுல. வலது காதுல. நான் சும்மா சொல்லல டாக்டர்."

"தெரியும். கண்ணை அசைச்சா சத்தம் வருதா உங்களுக்கு?"

அதை அவள் அவரிடம் சொல்லவே இல்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. ஒவ்வொரு விசும்பலும் மண்டைக்குள் இடித்தது. இடித்தால் இடிக்கட்டும் என்றிருந்தது.

"உள்காதை மூடியிருக்கற எலும்புல ஊசிமுனை மாதிரி ஒரு ஓட்டை இருக்கும்னு நினைக்கறேன். படம் எடுத்துப் பாத்துருவோம்," என்றார் டாக்டர். "எல்லார் உடம்பும் ஓயாம சத்தம் போட்டுக்கிட்டுதான் இருக்கு. எங்களுக்குக் கதவு சாத்தியிருக்கு. உங்களுக்குத் திறந்து கிடக்கு, அவ்வளவுதான். அடைச்சுக்கலாம். அவசரமில்ல, யோசிச்சு முடிவு பண்ணுங்க."

"கீத்தோஸ்," என்றாள் ஹெல்வி. நன்றியை அம்மாவின் மொழியில் சொல்லிவிட்டது அவளுக்கே பிறகுதான் உறைத்தது. டாக்டர் புரிந்ததுபோலத் தலையசைத்தார்.

டோய்வோ குனிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். பெருவிரலில் கிழிந்த கம்பளிக் காலுறையையும் உருவினான். "எனக்கும் வைங்க."

டாக்டர் வைத்தார். டோய்வோ தலையைச் சாய்த்து வெகுநேரம் காத்திருந்தான்.

"எனக்கு ஒண்ணுமே கேக்கலையே," என்றான், எதையோ பறிகொடுத்தவன்போல.

வெளியே வந்து வண்டியில் ஏறியும் அவன் கிளப்பவில்லை. சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

"நான் அப்பல்லாம் பேசினது…"

"விடு. குளிருது, வண்டிய எடு."

அவன் எடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து, தன் காதை அவள் வலது காதோடு ஒட்டி வைத்தான். அவன்மேல் மரத்தூள் வாசனை அடித்தது.

"எங்க, கண்ணை அசை."

வாகன நிறுத்தத்தின் ஒரு கோடியிலிருந்து பனி அள்ளும் வண்டி ஒன்று வந்துகொண்டிருந்தது. அது மறுகோடி போய்ச் சேரும்வரை ஹெல்வி அதையே பார்த்தாள், மெதுவாக, ஒரு 'சரக்' ஓசைகூட அவனுக்குத் தவறிவிடாதபடி.

"கேக்குதா?"

"இல்ல," என்றான் டோய்வோ. காதை எடுக்கவில்லை.

வண்டி திரும்பி, வந்த வழியே பனியைத் தள்ளிக்கொண்டு வந்தது. அவள் மறுபடியும் பார்க்கத் தொடங்கினாள்.