சகலை கையில் மாமனார்

1
இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? என் சகலை இதய டாக்டர். நான் கதை எழுதுகிறவன். எங்கள் மாமனாருக்கு அவன் 'டாக்டர் மாப்பிள்ளை', நான் 'மூத்தவ வீட்டுக்காரர்'. இப்போது அவர் மாரடைப்பு வந்து உள்ளே ஆபரேஷன் மேசையில் படுத்திருக்கிறார். சிகிச்சை செய்கிறவன் அவன். வெளியே, கால் ஆடும் நாற்காலிகளில் நானும் மனைவியும். இதைச் செல்போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

2
முதல் தொடக்கம்: 'சகலையின் விரல்கள் நடுங்கின.' (பொய். அவனுக்கு எதுவும் நடுங்காது. என் எரிச்சலே அதுதான்.)

இரண்டாவது: 'பேர்போன அந்த டாக்டர் அன்று முதன்முறையாக

(நின்றுவிட்டது. நர்ஸ் வெளியே வந்தார்.)

"அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வெச்சாச்சு. ஆனா ரத்தம் இறங்க மாட்டேங்குது. கீழ இருக்கற பொடிப்பொடி நாளமெல்லாம் இறுகிக் கிடக்கு. விரியறதுக்கு மருந்து குடுக்கறாங்க."

"ஊசியா?" என்றாள் மனைவி.

"கையில போட்டா பத்தாதும்மா. இதயக் குழாய்க்குள்ளயே விடணும். அதுவும் குழாய் வாய்கிட்டயே விட்டா, ஓட்டம் இல்லாததால திரும்பி வந்துடும். மெல்லிசு ட்யூபை ஆழத்துக்குக் கொண்டுபோய்க் கொஞ்சங்கொஞ்சமா விடணும். பிரஷரும் இறங்கிடக் கூடாது."

3
புத்தி போகிற போக்கைப் பாருங்கள். உடனே தட்டினேன்: 'பதற்றத்தில் சகலை மருந்தைக் குழாயின் வாயருகிலேயே விட்டான்.' ஒரே வரியில் அவன் பேர் நாறிவிடும்.

மனைவி எட்டிப் படித்தாள். "அவரைக் கவுக்கறதுக்கு எங்கப்பாவைக் கொல்லுவீங்களா?"

"கதைதானே."

"கதையில கூட அவரை விட மாட்டீங்களா? அழிங்க."

அழித்தேன்.

"உங்க கதையெல்லாம் அவர் ஒண்ணுவிடாமப் படிக்கறார், தெரியுமா?" என்றாள். (பாருங்கள், இதிலும் அவனுக்குத்தான் மார்க்.)

4
மிச்சமிருக்கும் முடிவுகள் இரண்டு.

அ) மருந்து கேட்கவில்லை. யார் மேலும் தப்பில்லை. (மனைவி என் முழங்கையைப் பிடித்திருக்கிறாள், நகம் பதிகிறது. இதை எழுத மாட்டேன்.)

ஆ) மருந்து ஆழம் வரை போகிறது, நாளங்கள் விரிகின்றன, ரத்தம் இறங்குகிறது. மாமா கண் திறந்து முதலில் தேடுவது

(இல்லை, அவன் பேரைத் தட்ட மனசு வரவில்லை.)

உள்ளே செருப்புச் சத்தம் கேட்கிறது. கதவு இன்னும் திறக்கவில்லை. மாமா பிழைக்க வேண்டும். அவன் கையால்தான் பிழைக்க முடியும், வேறு கை இல்லை. அதைச் சொல்லும் அந்த ஒரு வரிக்கு மட்டும் என் விரல் வளைய மாட்டேன் என்கிறது. நீங்கள் எழுதிவிடுங்கள், சீக்கிரம். அவனைக் கொஞ்சம் தூக்கியே எழுதுங்கள், பரவாயில்லை.